காதில் நின்றுபோன கை

ஏன்க்கா, உங்க போனில் டவர் எத்தனை கோடு காட்டுது? என்னுடையதில் எல்லாக் கோடும் நிமிர்ந்து நிற்குது பாருங்க. ஊரில் இருந்தவரைக்கும் ஒரு கோடு வருமா, அரைக் கோடு வருமா என்று கண்மாய்க்கரை மேலே ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இப்போது சும்மா பஸ்ஸில் உட்கார்ந்திருக்கேன், கேட்காமலே அம்புட்டும் வந்து நிற்குது. கோடு இருந்தால் மட்டும் போதுமா. அந்தப் பக்கம் எடுக்க ஆள் வேணுமே.

நீங்களும் திருப்பூர்தானே? நல்லதாப் போச்சு. நான் பேசிக்கொண்டேதான் வருவேன், கோவித்துக்கொள்ளாதீங்க. என் பேரே பேச்சியம்மாள். குலசாமி பேர். எங்க வீட்டுக்காரர் பேர் தவசி. அவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாணப் பந்தலிலேயே கேலி பண்ணினார்கள், பேச்சிக்கு வாய்த்தது பேசாத மாப்பிள்ளை என்று. நானும் சேர்ந்து சிரித்தேன். ரெண்டு பேரும் வாய் ஓயாமல் பேசினால் சோறு யார் பொங்குவது, சொல்லுங்க.

அவர் பனியன் கம்பெனியில் தைக்கிறார். அந்த மெஷின் சத்தத்தில் காது இருக்கிறவர்களுக்குத்தான் தலைவலி. இவர் பாட்டுக்குத் தைப்பார். சூப்பர்வைசரே சொல்வாராம், இவன் ஒருத்தன்தான் வேலை நேரத்தில் பேசாதவன் என்று. அது கேலியா பாராட்டா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

நாங்கள் பேசுவது எல்லாம் கையால்தான்க்கா. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற கைப்பாஷை இல்லை. அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது என்னமோ வாஸ்தவம், கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள், அதோடு சரி. பேரைக் கையெழுத்துப் போடுவார், நம்பர் படிப்பார். மற்றபடி எழுத்து ஏறவில்லை. இது நாங்களே உண்டாக்கின பாஷை. மூக்குத்தியைத் தொட்டால் நான். மீசையை முறுக்கினால் எங்க மாமனார். கன்னத்தில் ஒரு விரலை வைத்துக் குழி பண்ணினால் இவள், என் மடியில் கிடக்கிற எங்க மகள் தனுஸ்ரீ. தூங்கும்போதுகூடக் குழி விழுது பாருங்க. காதைத் தொட்டுக் கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தால் கேட்குது என்று அர்த்தம். காதைத் தொட்டுக் கையை வெளியே உதறினால் கேட்கவில்லை என்று அர்த்தம். இந்த ரெண்டையும் நீங்க மறந்துறாதீங்க. இதில்தான் என் குடி முழுகிக் கிடக்கு.

அவருக்கு ஒரு சேதி சொல்லணும் என்றால் ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒரே புத்திமதி. ஒரு போன் பண்ணிச் சொல்லேன்டி, ஒரு மெசேஜ் தட்டேன்டி. எங்க அத்தை, அவரைப் பெற்றவங்க, அவங்களே சொல்றாங்க, "போனைப் போட்டுச் சத்தமாச் சொல்லு, அவனுக்கு விளங்கும்." பெற்றவங்களிடம் என்ன சொல்ல. "நீங்களே சொல்லுங்கத்தை, உங்க சத்தம் திருப்பூருக்குப் போன் இல்லாமலே போகும்" என்றேன். அதற்கு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாங்க.

எங்களுக்குப் படம் வேணும்க்கா. போனில் கை ஆடுகிறது தெரிகிற படம், அறுந்துபோகாமல் வருகிற படம். அதற்காகத்தான் வீட்டுக்கு நெட் பெட்டி போட்டோம். ஊர் பள்ளத்தில் இருக்கு, டவர் மேட்டுக்கு அந்தப் பக்கம். பேச்சு மட்டும் தட்டுத் தடுமாறி வரும், படம் ஏறாது. கேபிள்காரர்கள் கறுப்பு வயர் ஒன்றைப் போஸ்ட் போஸ்ட்டாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். சோலைராஜ் என்று ஒருத்தர், அவர்தான் வீட்டுக்குள் ஓட்டை போட்டு மாட்டினார். அவரிடம் நான் விடவில்லை. என்ன சங்கதி என்று தெரியாமல் ஒரு பொருளை வீட்டில் வைக்க எனக்குப் பிடிக்காது. மிக்ஸி வாங்கினபோதே கடைக்காரரை அழவிட்டவள் நான்.

"அக்கா, இதுக்குள்ளே கரண்ட் ஓடலை. இது கம்பியே இல்லை, கண்ணாடி. தலைமுடி கனத்துக்குக் கண்ணாடி. அதுக்குள்ளே வெளிச்சம் ஓடுது" என்றார்.

"வெளிச்சத்தில் எப்படித் தம்பி என் மூஞ்சி போகும்?"

"வெளிச்சம் அணைஞ்சு அணைஞ்சு எரியுதுக்கா. எரிஞ்சா ஒண்ணு, அணைஞ்சா சைபர். உங்க மூஞ்சியே ஒண்ணு சைபர் ஒண்ணு சைபர்னுதான் போகுது."

"சைபர் வரைக்கும் சரி" என்றாங்க எங்க அத்தை உள்ளேயிருந்து.

சுவரில் மாட்டின பெட்டிதான் அந்த வெளிச்சத்தை வாங்கி, அலையாக மாற்றி வீட்டுக்குள் காற்றில் விடுதாம். போன் அந்தக் காற்றைப் பிடித்துக்கொள்ளுதாம். இங்கேயிருந்து நான் பேசினால் அதே வழியாகத் திரும்பிப் போகும். ஊர்வயர் எல்லாம் சேர்ந்து டவுன் கேபிள் ஆபீசுக்கு, அங்கேயிருந்து இன்னும் பெரிய வயரில் மதுரைக்கு, சில நேரம் மெட்ராஸ் வரைக்கும்கூடப் போய்விட்டுத் திருப்பூருக்கு வருமாம். இருக்கிறது திருப்பூரில், எதற்கு மெட்ராஸ் சுற்றணும் என்று கேட்டேன். "நீங்க பக்கத்து ஊருக்குப் போக டவுனுக்குப் போய் பஸ் மாறலையாக்கா" என்றார். அது வாஸ்தவம்தான்.

இன்னொன்றும் சொன்னார். படம் முழுசாகப் போகாதாம், துண்டு துண்டாகத்தான் போகுமாம். நான் அதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா என்று நீங்க சொல்லுங்க. தாய்மாமன் சீர் கொண்டுபோகிறோம் இல்லையா. ஒரே அண்டாவில் எல்லாத்தையும் போட்டா கொண்டுபோகிறோம், தட்டுத் தட்டாகத்தானே. ஒவ்வொரு தட்டிலும் எந்த வீட்டுக்குப் போகணும், எத்தனையாவது தட்டு என்று சீட்டு ஒட்டியிருக்கு. ஒரு தெருவில் கூட்டம் என்றால் பாதித் தட்டு அடுத்த தெரு வழியாகப் போகும். போய்ச் சேர்ந்த வீட்டில் வரிசைப்படி அடுக்கிக்கொள்ள வேண்டியது. எழுதி அனுப்புகிற மெசேஜ் ஒரே ஒரு வெற்றிலைத் தட்டு, எப்படியும் போய்ச் சேரும். ஒரு தட்டு தவறினால்கூட நின்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். படம் பேசுவது அப்படி இல்லை. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள் ஊர்ப்பட்ட தட்டு. வராத தட்டுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், வந்ததை அடுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். நடுவில் பழத்தட்டு விட்டுப்போனால், தேங்காய்க்கு அடுத்தது பட்டுச்சேலை என்று ஆகிவிடும். விட்டுப்போனது யாருக்குத் தெரியும்.

சோலைராஜிடம் இதைச் சொன்னேன். "அக்கா, நீங்க எங்க ஆபீசுக்கு வேலைக்கு வந்துருங்க" என்றார். கிண்டல்தான். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என்ன ஒரு குறை, மனுஷனுக்குச் சுத்தம் போதாது. மிச்ச வயரை வளைய வளையமாகத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார். இவள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கிறாள், கையில் அகப்பட்டதை இழுக்கிறாள். கண்ணாடி என்று வேறு சொல்லிவிட்டார், சும்மா விடலாமா. நான் அதை நாலாக மடித்து, நன்றாக அழுத்தி, ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஆணியில் மாட்டினேன். பார்க்கவே அழகாக இருந்தது. பெட்டியில் அன்றைக்குச் சாயங்காலமே சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. எல்லாம் இவர்கள் சரக்கு அப்படி. போன் பண்ணினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பொண்ணு சொல்லிக்கொண்டே இருந்தாள். முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே. கடைசியில் சோலைராஜ் வந்து என்ன பண்ணினார் தெரியுமா, நான் கட்டி வைத்ததை அவிழ்த்துப் பழையபடி தொங்கவிட்டார். "இதை ஒண்ணும் பண்ணாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விளக்கு பச்சைக்கு வந்தது, அது வேறு விஷயம். வீடுதான் நாறிப்போய்க் கிடந்தது.

என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க? ஏதோ சொல்ல வந்தீங்க. சரி, அப்புறம் சொல்லுங்க, முதலில் இதைக் கேளுங்க.

இவள் பிறந்ததிலிருந்து அவருக்கு ஒரே ஒரு பயம்தான். இவளுக்கும் தன்னை மாதிரி ஆகிவிடுமோ என்று. எனக்கு அந்தப் பயம் இல்லை. தட்டை உருட்டினால் திரும்புகிறாள், அத்தை குரலைக் கேட்டால் அழுகிறாள், இதைவிட என்ன பரிட்சை வேணும். ஆனால் அவர் பார்த்தது இல்லையே. லீவுக்கு வருகிறவர், கைதட்டிக் கைதட்டிப் பார்ப்பார். பிள்ளைக்கு அப்பா மூஞ்சியைப் பார்த்தாலே போதும், தட்டினாலும் அதைத்தான் பார்க்கும், தட்டாவிட்டாலும் அதைத்தான் பார்க்கும். அவருக்கு அதிலிருந்து என்ன தெரியும். என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன், கேட்குது கேட்குது என்று. நம்பவில்லை. நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். டாக்டர் மெஷின் வைத்துப் பார்க்கணும் என்றார்.

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தூங்கவைத்துத் தலையில் வயரை ஒட்டி, காதில் சத்தம் விட்டுப் பார்த்தார்கள். அந்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னாங்க, "உன் பொண்ணுக்கு ரெண்டு காதும் தங்கம்." பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தக் கையால்தானே அதைச் சொல்லப்போகிறேன் என்று.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. காலையிலேயே வீட்டைக் கழுவினேன். இவளுக்குப் புதுச் சட்டை. இம்புட்டு நல்ல சேதி சொல்கிறபோது பின்னாடி வயர் தொங்கினால் நன்றாகவா இருக்கும், அதையும் நாலாக மடித்து அழுத்தி ரப்பர் பேண்ட் போட்டு ஆணியில் மாட்டினேன். போனை உப்பு ஜாடி மேல் சாய்த்துவைத்தேன். எனக்கு ரெண்டு கையும் வேணுமே.

எடுத்தார். மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிந்தது, ராத்திரி தூங்கவில்லை என்று. நான் இவளைக் காட்டிக் கன்னத்தில் குழி பண்ணினேன். டாக்டர் என்று நெற்றியில் கை வைத்தேன். காதைத் தொட்டேன். கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தேன்.

கொண்டுவந்தேன்க்கா. சத்தியமாகக் கொண்டுவந்தேன். அவர் படம் அப்படியே நின்றிருந்தது. கண் கொட்டவில்லை, கல் மாதிரி. அந்தச் சுற்றுகிற வட்டம் வந்துவிட்டது. எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம். அட போங்கடா, லைன் போச்சு என்று கையை உதறினேன். நீங்க உதற மாட்டீங்களா? யாராக இருந்தாலும் உதறுவார்கள். உதறின நேரத்தில்தான் படம் மறுபடி ஆடியிருக்கு.

அவர் பார்த்தது என்ன. காதில் கை வைத்தபடி நான் நிற்கிறேன். நின்று, நின்று, அப்புறம் கையை வெளியே உதறுகிறேன். நடுவில் நெஞ்சுக்கு வந்த கை வராத தட்டு ஆகிப்போச்சு. தேங்காய்க்கு அடுத்தது பட்டுச்சேலை.

அவர் தலையில் கை வைத்தார். போன் விழுந்தது. அவர் ரூம் ஃபேன் சுற்றுகிறது தெரிந்தது. நான் பைத்தியக்காரி, நெட்டு வந்துவிட்டது என்று சந்தோஷமாகத் திரும்பவும் சைகை பண்ணினேன், ஃபேனைப் பார்த்து. அப்புறம் சுத்தமாகப் போய்விட்டது. பெட்டியில் சிவப்பு.

முதலில் எனக்கு விளங்கவில்லை. ஏன் போனைப் போட்டார், ஏன் தலையில் கை வைத்தார். அடுப்படியில் நின்று நான் செய்ததை ஒவ்வொரு கையாகத் திரும்பச் செய்து பார்த்தேன். உதறின இடத்துக்கு வந்ததும் குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சோலைராஜுக்குப் போன் பண்ணினேன். பெரிய மழையில் எங்கேயோ போஸ்ட் சாய்ந்து கிடக்காம், நாளைக்கு வருகிறேன் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். என் போனில் நெட் இல்லை என்று பக்கத்து வீட்டு வெள்ளத்தாயக்கா போனை வாங்கிக்கொண்டு கண்மாய்க்கரை மேலே போனேன். ஒரு தடவை எடுத்தார். அவர் நெற்றி கட்டம் கட்டமாக வந்தது, எங்க அத்தை சுட்ட முறுக்கு நொறுங்கின மாதிரி. நான் காதைத் தொடுகிறதுக்குள் வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

அவர்கூட ரூமில் இருக்கிற பையன் பிகாஷ், ஒரிசாக்காரன். அவனுக்குக் காது கேட்கும், தமிழ்தான் கொஞ்சம் கொஞ்சம். அவனுக்குச் சாதாரணமாகப் போன் போட்டு, பிள்ளைக்குக் காது நல்லா இருக்கு, அண்ணனிடம் சொல்லுப்பா என்று கெஞ்சினேன். "சொல்றேன்க்கா, சொல்றேன்" என்றான். என்ன சொன்னான் தெரியுமா. அவர் முன்னால் போய் நின்று தன் ரெண்டு காதையும் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியிருக்கான். அவன் ஊரில் அது நல்லா இருக்கு என்று அர்த்தமாக இருக்கும். எங்க பாஷையில் ரெண்டு காதையும் பிடித்தால் மன்னித்துக்கொள் என்று அர்த்தம். நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன் என்று நினைத்திருப்பார்.

அவன்தான் சொன்னான், "அண்ணா வேலைக்கு வரலைக்கா. சாப்பிடலை. சுவர் பார்த்துத் தூங்குது."

தூங்குதா. எனக்குத்தான் தெரியும் அது என்ன என்று. எங்களுக்குள் சண்டை வந்தால் நான் கதவை அறைந்து சாத்துவேன், அவருக்கு அது கேட்காது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வார். அம்புட்டுதான். அவர் கண்ணை மூடினால் லைன் கட். எந்த டவரும் எந்தக் கண்ணாடி வயரும் ஒன்றும் பண்ண முடியாது. பக்கத்தில் இருந்தாலாவது தோளைத் தொட்டுத் திருப்பலாம். இம்புட்டுத் தூரத்திலிருந்து எதைத் தொட்டுத் திருப்புவேன்.

அதான் கிளம்பிவிட்டேன். அத்தை கேட்டாங்க, "கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு ஒத்தையிலயா போற." சோலைராஜ் வருகிற வரைக்கும் உங்க மகன் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடக்கட்டுமா என்றேன். அவங்க அடுப்படிக்குப் போனாங்க. முறுக்கைக் கட்டிக் கொடுத்தாங்க. நீங்களும் ரெண்டு எடுத்துக்கோங்க.

பஸ் ஸ்டாண்டில் போனுக்கு நெட் போட்டேன். வீட்டில்தான் பெட்டி இருக்கே என்று இத்தனை நாள் போடவில்லை. போட்டதும் கோடு எல்லாம் வந்துவிட்டது. மூணு தடவை கூப்பிட்டேன், மணி போகுது, எடுக்கவில்லை. பிகாஷுக்குப் பேசினேன். சாப்பாட்டு நேரத்தில் ரூமுக்குப் போய் அண்ணனை உலுக்கித் திருப்பி, அவர் மூஞ்சிக்கு நேராகப் போனைப் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கான். காதை மட்டும் பிடிக்காதேடா ராசா என்றேன்.

பார்த்தீங்களா, அந்த லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் எப்படித் திடுக்கிட்டு முழித்துக்கொண்டாள். இதைத்தான்க்கா அவர் பார்க்கணும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். அழாதே தங்கம், அழாதே. அது லாரி. அது போய்விட்டது.

எங்கே சத்தம், உங்களுடையதா என்னுடையதா? என்னுடையதுதான். பிகாஷ். படத்தோடு கூப்பிடுகிறான்.

அக்கா, இந்தப் போனைக் கொஞ்சம் பிடிங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும். இவளும் நானும் சேர்ந்து தெரிகிற மாதிரி, இன்னும் கொஞ்சம் தள்ளி. பிகாஷ், இன்னும் கிட்டக் கொண்டுபோடா. முதுகுதான் தெரியுது. தோளைத் தொடு. ஆமாம், அப்படித்தான், இன்னொரு தடவை. திரும்புகிறார்க்கா, திரும்புகிறார். நான் காதைத் தொட்டதும் நீங்க போனுக்குப் பின்னாலிருந்து தனு என்று ஒரு சத்தம் கூப்பிடுங்க. அவள் நிமிர்ந்து பார்ப்பாள், அதை அவர் பார்க்கட்டும். கூப்பிடுங்க. ஒன்றே ஒன்றுக்கா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், நடுவில் படம் நின்றுபோனால் கையை மட்டும் ஆட்டிராதீங்க.